சேலைக் கரை அளவு நீலப் பட்டை

புது லேப்டாப்பில் ஒரு விண்டோவைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைக்கப் பார்த்தேன். முடியவில்லை, நம்புங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கலாம் என்றால் அங்கே தேடும் கட்டம், மணிப் படம், என்னுடைய அசட்டு முகம் ஒரு வட்டத்துக்குள். எதைத் தொட்டாலும் அது திறந்துகொள்கிறது. காலியிடம் என்று நினைத்து ஒன்றை இழுத்தேன், அது ஒரு டேப், தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. இப்படிக் கோபம் வரும்போதெல்லாம் எனக்கு சபியா அக்கா ஞாபகம்தான் வரும்.

நெய்வேலியில் நான் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போன புதிது. டவுன்ஷிப்பில் ஒரு ஆளைப் பற்றி முதலில் விசாரிப்பதே பெர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்பதுதான். எங்கள் அறையில் மேற்பார்வை பார்க்கிற சாரைத் தவிர எல்லோரும் பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். ஒரு விண்டோவில் ஷிப்ட் ஆட்களின் பட்டியல், இன்னொன்றில் நாங்கள் ஏற்ற வேண்டிய விவரம். ஒன்று மற்றதை மறைக்கும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சபியா அக்கா குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். வாதத்தில் விரல் முட்டிகள் வீங்கியிருக்கும். டைப் அடிப்பதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார், மவுஸ்தான் வம்பு. விண்டோவின் தலையில் ஓடும் நீலப் பட்டை அப்போது நூல் மாதிரி மெல்லிசு. அதைப் பிடித்து இழுக்கப் போய், ஒருநாள் கை நடுங்கி, விண்டோவை மூடுகிற ஓரத்துப் பெருக்கல் குறியை அமுக்கிவிட்டார். சேமிக்கட்டுமா என்று கேட்கிற மரியாதையெல்லாம் அந்த புரோகிராமுக்குக் கிடையாது. காலையிலிருந்து அடித்தது அத்தனையும் போயிற்று.

"மவுஸ் பிடிக்க வரலேன்னா அடுத்த கான்ட்ராக்ட்ல வேற ஆளத்தான் போடணும்மா" என்றார் சார்.

கேன்டீனில் அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் எங்கயும் போவ மாட்டேன். இங்கதான் குந்திகினு இருப்பேன்."

எனக்கு வேலை நேரத்தில் திரைக்குக் கலர் மாற்றி விளையாடுகிற கெட்ட பழக்கம் உண்டு. அப்படி நோண்டியபோது, பட்டையின் உயரத்தைக் கூட்டுகிற இடம் ஒன்றைப் பார்த்திருந்தேன். அக்காவின் கம்ப்யூட்டரில் அதைக் கூட்டினேன். பட்டை கல்யாணச் சேலைக் கரை அளவுக்கு அகலமானது. அக்கா எங்கோ கையை வைத்து இழுத்தார், விண்டோ கூடவே வந்தது. "அட!" என்று சிரித்தார்.

சாயங்காலம் சார் பார்த்துவிட்டார். "என்னம்மா கோலம் இது? இந்த ரூம்ல எல்லா சிஸ்டமும் ஒரே மாதிரி இருக்கணும். காலைல வந்து பாப்பேன்."

அவர் போனதும் பழையபடி மாற்றுவதற்காக நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே மாதிரிதான கேக்கறாரு? குடுத்துடலாம்."

வேலை முடிகிற சங்கு ஊதியும் ஒருத்தியும் கிளம்பவில்லை. எல்லா கம்ப்யூட்டரிலும் பட்டையை அகலமாக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினோம். மறுநாள் சார் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதாங்க சார் இருக்குது."

சார் மேலே பார்த்தார். பிறகு ஃபேனை ஏன் இவ்வளவு வேகமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த கான்ட்ராக்டில் அக்கா பெயர் இருந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

புது லேப்டாப்பிலும் அந்த உயரம் கூட்டும் இடத்தைத் தேடினேன். இல்லை, எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் சாராவது எதிரில் வந்து நின்றார், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. இவர்களுக்கு முகமே இல்லை. கை நடுங்குகிறவர்கள் எதைப் பிடிப்பார்கள் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.