ஜனவரியில் விட்ட தளிர்

அக்கா அந்த மரத்தைக் குப்பை லாரியிலிருந்து இறக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையில் காபிக் கோப்பை இருந்ததால் உதவ முடியவில்லை. பிரிட்ஜ்வாட்டரில் அவள் வாங்கிய வீட்டின் முகப்பில், நியூ ஜெர்சியில் பாதி வீடுகளுக்கு முன்னால் இருப்பதைப் போலவே, கரும்பச்சை வேலி ஒன்று இருந்தது. ஊசி ஊசியாக இலை. செப்டம்பரில் சிவப்பாகச் சின்னப் பழம். விதையைக் கடித்தால் ஆளைக் கொல்லும் விஷம். யூ மரம் என்று பெயர். மான்களை மட்டும் அந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று தின்றுவிட்டுப் போகும். அவை மொட்டையடித்த வேலியைப் பிடுங்கத்தான் ஆட்கள் வந்திருந்தார்கள். லாரியில் கிடந்த கட்டைகளில் ஒன்றைக் காட்டி, "இது மட்டும் எனக்கு" என்றாள் அக்கா. முன்கை கனத்தில் அடிமரம், தலையில் நாலு பச்சை இலை.

"இதை வச்சு என்ன பண்ணப் போற?" என்றேன்.

"உன்னை இத்தனை வருஷமா வச்சுக்கிட்டு இருக்கோம்ல" என்றாள்.

ஏழெட்டு வருடங்களில் அந்தக் கட்டை, தொட்டிக்குள் குட்டையாக வளர்க்கிற போன்சாய் ஆயிற்று. அக்காவுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. அடுத்தவன் செய்ததில் எங்கே கோளாறு என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். அதே கண்ணோடு மரத்தையும் பார்ப்பாள். மார்ச்சில் மொட்டு வீங்கும் முன் தொட்டியிலிருந்து தூக்கி, வேரைக் கத்தரித்து, மண் மாற்றுவாள். மே மாதத்தில் வெளிர்பச்சைத் தளிர் வரும், அதைக் கிள்ளுவாள். ஜூலையில் ஆபீஸ் கிளம்புமுன் தண்ணீர். ஒருநாள் மறந்துபோய், பாதி வழியில் ஹைவேயிலிருந்து வண்டியைத் திருப்பியிருக்கிறாள். இலையுதிர்காலத்தில் கம்பி சுற்றிக் கிளைகளை வளைப்பாள். டிசம்பரில் தொட்டியை கராஜ் சுவரோரம் தரையில் இறக்கி, சுற்றிலும் சருகைக் குவித்து, அப்படியே பனியில் விட்டுவிடுவாள். பச்சை மங்கி, துருப்பிடித்த மாதிரி ஒரு நிறத்துக்கு வரும் மரம்.

"விறைச்சுப் போயிடாதா?" என்று கேட்டேன்.

"அது தூங்கணும்டா. தூங்க விடலன்னாதான் செத்துப் போகும்."

இதை அவள் குறைந்தது மூன்று குளிர்காலங்களில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் நிறையப் படிக்கிறவன். கேட்டதெல்லாம் நினைவில் இருக்கும். பயன்படுவதில்லை, அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்காவுக்கு உடம்புக்கு வந்தது. வியாதியின் பெயர் இங்கே வேண்டாம். அதற்கு ஏற்கெனவே போதுமான விளம்பரம் இருக்கிறது. மகள் ஹூஸ்டனில் இருந்ததால் சிகிச்சையும் அங்கேயே என்று முடிவானது. நவம்பர் நடுவில், விமானத்துக்குப் போகிற வழியில், எடிசனில் எங்கள் வீட்டில் நிறுத்தி மரத்தை இறக்கினாள். பராமரிப்புக் குறிப்புகளை அரைத்தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முதல் வரியே, "வெளியிலேயே இருக்கட்டும்" என்பதுதான்.

"மார்ச்ல வந்து மண்ணு நானே மாத்திக்கிறேன். அதுவரைக்கும் உயிரோட வச்சிரு, போதும்."

என் ஐம்பது வயதுக்குள் அக்கா என்னிடம் கேட்ட காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் அவளிடம் கேட்டவை.

இங்கே குளிர் தொடங்கியதும் தமிழர்கள் செய்யும் முதல் காரியம் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுப்பது. "இன்னிக்கு ஃப்ராஸ்ட், கறிவேப்பிலையை உள்ள எடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். படிகளில் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டிலேயே வெயில் விழும் ஜன்னலை அதற்கு ஒதுக்குவோம். என் மாமனார் வந்திருந்தபோதுகூட அந்த ஜன்னல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவை குளிர் தாங்காது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

டிசம்பர் முதல் வாரத்தில் அக்காவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ரொம்பக் குளிருதுடா. மூணு போர்வை போட்டாலும் குளிருது" என்றாள். டிசம்பரிலும் பனி விழாத ஹூஸ்டனில். போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரம் எங்கள் கராஜ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. கிளைகளில் பனி. அரைத்தாள் எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போய் மரத்தைத் தூக்கி வந்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், ஹீட்டர் காற்று வருகிற இடமாகப் பார்த்து வைத்தேன். மனதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. தினமும் காலையில் என் காபிக்கு முன் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"வெளியில இருக்கட்டும்னு எழுதியிருக்காங்களே" என்றாள் மனைவி.

"அது பொதுவா சொன்னது" என்றேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் மரத்தில் தளிர் விட்டது. வெளிர்பச்சையாக, விரல் நுனி நீளத்துக்கு. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது, நம் கையால் ஒன்று துளிர்க்கிறது. நான் உட்கார்ந்து ரசித்தேன். மரத்தை, கொல்லைப்புறத்துப் பலகைத் தளமான டெக்கில் பனிமேல் இரண்டு நிமிடம் வைத்து, அங்கேயே இருந்த மாதிரி படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உள்ளே எடுத்ததை ஏன் மறைத்தேன் என்றால், திட்டுவாள். தளிரை ஏன் காட்டினேன் என்றால், பாராட்டுவாள். இரண்டுக்கும் ஒரே படம்.

ஞாயிற்றுக்கிழமை பேசினோம். படம் வந்ததா என்று கேட்டேன். "பாத்தேன்டா. நல்லா இருக்கு" என்றாள். "தண்ணி ரொம்ப ஊத்தாதே."

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். வீடியோ வேண்டாம் என்பாள், தலை சரியில்லை என்று. எப்படி இருக்கே என்பேன். நல்லா இருக்கேன், மரம் எப்படி இருக்கு என்பாள். நான் ஆரம்பித்துவிடுவேன். கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, மான் வந்து எட்டிப் பார்த்தது, பக்கத்து வீட்டு அங்கிள் அதைப் பிளாஸ்டிக் என்று நினைத்தது. பாதி உண்மை. அவள் சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவே இருமல் வரும். நான் இருமல் முடியக் காத்திருந்து அடுத்த கதையைச் சொல்வேன்.

பிப்ரவரியில் தளிர் கருகியது. மற்ற இலைகள் பச்சையாகவே இருந்தன, ஆனால் தொட்டால் காகிதம் மாதிரி சலசலத்தன. மார்ச் தொடக்கத்தில் இணையத்தில் தேடினேன். பட்டையை நகத்தால் சுரண்டினால், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறதாம். ஒரு கிளையைச் சுரண்டினேன். பழுப்பு. இன்னொன்று. பழுப்பு. அடிமரம் வரை சுரண்டிக்கொண்டே வந்தேன். இந்த வகை மரங்கள் இறந்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்குமாம். இதையும் அன்றுதான் படித்தேன்.

அந்த ஞாயிறு, "மரம் எப்படிடா?" என்றாள்.

"பச்சையா இருக்கு."

"நானும் அப்படித்தான். வந்து மண்ணு மாத்திடுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவள் போய்விட்டாள். நான் ஹூஸ்டனில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் ஒரு பை. கிளம்பும்போது அதில், எதற்கென்று தெரியவில்லை, மரத்தோடு அவள் விட்டுப்போயிருந்த, தளிர் கிள்ளுகிற கத்தரிக்கோலைப் போட்டிருந்தேன். ஏறும் முன்பே விமான நிலையச் சோதனையில் அதையும் எடுத்துக்கொண்டு விட்டார்கள்.

இந்தக் கோடையில் அக்கா மகள், பிரிட்ஜ்வாட்டர் வீட்டைக் காலி செய்ய வந்தாள். எங்களுடன்தான் தங்கினாள். இரண்டாம் நாள் காலை, டெக்கில் நான் முழுக்கப் பழுப்பான மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"மாமா, இட்ஸ் டெட். யூ நோ தட், ரைட்?"

"தெரியும்மா."

"அம்மாவுக்கும் தெரியும்."

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"ஜனவரியிலயே. நீங்க அந்தத் தளிர் போட்டோ அனுப்பினீங்கல்ல, அன்னிக்கே. ஜனவரியில தளிர் விட்டா, மரம் வீட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம்னு சொன்னா. 'உள்ள எடுத்துட்டான், மடையன், நான் குளிருதுன்னு சொன்னேன்ல'ன்னு சிரிச்சா. தென் ஷி க்ரைட் எ லிட்டில்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நானும் அதான் கேட்டேன். ஜஸ்ட் டெல் ஹிம், இனிமேயாவது வெளியில வைக்கட்டும்னு. 'இனிமே வச்சாலும் பிழைக்காது'ன்னா. 'மரம் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் என்ன பேசுவான்? என்னைப் பத்திக் கேப்பான். தாங்க மாட்டான்'னா."

அவள் உள்ளே போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். கேட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள். எப்படி இருக்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கேன் என்று அவள் சொன்னதும், விட்டால் போதுமென்று மரத்துக்குத் தாவியிருக்கிறேன். ஒருநாளும் இரண்டாவது முறை கேட்டதில்லை.