மச்சுத் துவாரத்துக்கு ஒரு மூடி

நாராயணவனத்தில் பிறந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்ட செங்கம்மா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கணவன் வெங்கடரமணனுக்குத் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் சமையல் வேலை. எப்போதாவதுதான் வந்து போவான். தறியும் மாமனார் பாலையாவும் அவள் பாடு. பக்கவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போன பாலையா நடுவறைக் கட்டிலிலேயே கிடந்தார்.

அந்த அறைக்கு மேலே பலகை மச்சு. பலகைமேல் மண் பூசியிருந்ததால் சூடு தெரியாது. ஏணி வைத்து ஏறும் சதுரத் துவாரம் மட்டும் திறந்தே கிடந்தது, நேராகக் கட்டிலுக்கு மேலே. கட்டிலை நகர்த்த வழியில்லை. முன்னறை முழுக்கத் தறி. சித்திரை வெயிலில் ஓட்டுச் சூடு அந்தத் துவாரம் வழியாகக் கிழவரின் முகத்தில் இறங்கும். காற்றடித்தால் தூசியும் எலிப் புழுக்கையும் கண்ணில் விழும். செங்கம்மா தறியை விட்டு எழுந்து வந்து துடைப்பாள், விசிறுவாள், மறுபடி தறிக்குப் போவாள்.

முதலில் கோணி அடித்துப் பார்த்தாள். அது தொங்கி, தூசியைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொட்டியது. பிறகு பழைய மாட்டுக்கொட்டகைக் கதவை அறுத்து மூடினாள். மதியம் அந்தப் பலகையே தோசைக்கல்லாகக் கொதித்தது. விளிம்பு இடுக்குகளில் அனல் வந்தது. கடைசியில் இன்னொரு பலகையையும் சேர்த்து, இரண்டுக்கும் நடுவே உமியை இறுக்கி அடைத்தாள். சுற்றிலும் தறியில் கழித்த நூலைத் திணித்து, களிமண்ணால் பூசினாள். தோள் இரண்டும் விட்டுப்போயின. மண் காய்ந்த அன்று பாலையா மதியத்தில் தூங்கினார்.

இரண்டொரு நாளில் கொழுந்தன் கங்கையா வந்தான். மாநில எல்லை பிரித்ததில் திருத்தணி மதராஸ் பக்கம் சேர்ந்துவிட்டது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரான அவன் அங்கேயே குடி போகிறான்.

"அண்ணி, மச்சுல அம்மாவோட அண்டாவும் என் பெட்டியும் கீது. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

செங்கம்மா மேலே பார்த்தாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"இப்பத்தான்பா பூசினேன். மழை வந்தப்புறம் எடுத்துக்கயேன்."

"நாளைக்கு வண்டி சொல்லிக்கீறேன் அண்ணி."

"சரி, ஒடை."

பாலையாவின் முகத்தில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கங்கையா மண்ணைக் கொத்தி மூடியைத் தூக்கினான். பலகை விலகி, உமி முழுக்கக் கட்டிலில் கொட்டியது. கிழவர் இடது கையை ஆட்டி ஏதோ கத்தினார். செங்கம்மா ஒரு கையால் உமியைத் தட்டிவிட்டாள்.

சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துவிட்டு, கங்கையா சட்டை நனைந்து, முகம் கறுத்து இறங்கினான். மூச்சு வாங்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அனல் அவன் முகத்திலும் அடித்தது.

"நைனா இத்தினி வருசமா இந்தச் சூட்டுலயா படுத்துக்கினு இருந்தாரு?"

"நானும்தான் கூட இருந்தேன்."

அவன் எழுந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உமியைக் கூட்டி அள்ளினான். அவள் களிமண் பிசைந்தாள். பொழுது சாயும்வரை இருவரும் சேர்ந்து மறுபடி அடைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மெல்லக் கேட்டான்: "நைனாவை நான் கூட்டிக்கினு போவட்டுமா?"

"இந்த ஒடம்ப வண்டியில போட்டு இழுப்பியா? துன்னுட்டு கெளம்பு. அப்பப்ப வந்து பாரு."

வந்தான், ஆனால் அடிக்கடி அல்ல. அந்தக் கோடை முழுதும் பாலையா மதியத்தில் தூங்கினார். விசிற வேண்டாத அந்த நேரத்தில் செங்கம்மாவும் சுவரில் சாய்ந்து கண்ணயர்வாள். தறி சும்மா கிடக்கிறதே என்று பதறி எழுவாள்.

ஆடியில் பாலையா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் வெங்கடரமணன் மச்சை நிமிர்ந்து பார்த்தான்.

"இனிமே மூடிய எடுத்துடலாமா? வெறகு போட்டு வெக்கலாம்."

"வெறகு கொல்லையில கெடக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும்."

"யாருக்கு?"

"எனக்கு. நான் படுக்கணும்."

சொல்லிவிட்டு அவள் மாமனாரின் கட்டிலைக் கழுவி வெயிலில் காய வைத்தாள். அன்று தறியில் ஏறவில்லை. வெங்கடரமணனே உலை வைத்தான்.