பழைய ஸ்பீக்கர்காரனின் உறுப்பினர் மனு

பழைய ஸ்பீக்கர் வியாபாரத்தில் பாட்டுக் கேட்கிற நேரம் கொஞ்சம், ஏச்சுக் கேட்கிற நேரம் அதிகம். உயர்ரகப் பெட்டிகளுக்கு ஆசைப்பட்டு வீட்டில் திட்டு வாங்கிய தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை தப்பாமல் சொல்கிறேன். முதலாவது, சேலத்து ஆடியோ வியாபாரிகள் சங்கம் என் உறுப்பினர் மனுவைத் திருப்பியது. காரணம், நான் பழசு விற்பவன். இரண்டாவது, உறுப்பினர் இல்லை என்று பொருட்காட்சியில் கடை போட இடம் மறுத்தது. மூன்றாவது, புது ஸ்பீக்கர் ஷோரூம் வைத்திருக்கும் சங்கத் தலைவர் என் பெயரைச் சொல்லாமல், “அம்மாபேட்டைப் பேரீச்சம்பழம்” என்று சொல்லிச் சிரித்தார். அம்மாபேட்டையில் கடை வைத்து, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவனாம் நான். விசைத்தறிச் சங்கத்தில் துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவன், சும்மா இருப்பேனா? ஆண்டுதோறும் மனுப் போட்டேன்.

சந்தனப் பொட்டு

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் வெளிநாட்டு ஸ்பீக்கர் ஜோடியைப் புதிதாக வாங்கி, ஒரு வருடத்துக்குள் என்னிடம் விற்க வந்தார். “பாட்டு கம்பளி போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்குதுங்க. வாங்குன கடைல கேட்டா, கம்பெனி பொறுப்பு இல்லைங்கறாங்க” என்றார்.

முன்துணியைக் கழற்றினேன். உச்சஸ்தாயி ஒலி வருகிற குட்டி ட்வீட்டர், பட்டுத்துணியால் ஆன பாக்கு அளவுக் குமிழ். அதன் நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடாகியிருந்தன. ஆயுதபூஜைக்கு ரிக்குக்கு வைத்த கையோடு இதற்கும் வைத்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம். நான் அப்படி வளரவில்லை. ஈரத் தூரிகையால் பக்குவமாக எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். கம்பளி விலகியது. விற்க வந்தவர் பெட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: “வார வருசம் பொட்டு பொட்டிக்கு மட்டும் வெச்சர்றனுங்க. சாமி கோவிச்சுக்காதுங்களே?”

செத்த சாமான்

நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரி என்னிடம் பெரிய ஜோடி ஒன்று வாங்கிப் போனார். மறுநாளே போன். “மத்தளச் சத்தமே வரலீங்க. செத்த சாமானக் கட்டி உட்டுட்டீங்க. புதுசுக்கே போயிருக்கோணும்.”

பஸ் பிடித்துப் போனேன். ஒரு பெட்டியில் சிவப்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கம்பி. ஒன்று காற்றைத் தள்ள, இன்னொன்று இழுக்க, நடுவில் மத்தளம் காணாமல் போயிருந்தது. கம்பிகளை இடம் மாற்றியதும் ஜன்னல் அதிர்ந்தது. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்: “ஏனுங்க, கம்பிய மாத்துனதுக்கே பொட்டி இப்படிப் பாடுதே, எங்கூட்டுக்காரருக்கும் ஏதாச்சும் மாத்தி உடுவீங்களா?”

டயர்

பழசெல்லாம் நல்லது என்று நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மத்தளச் சத்தம் தருகிற பெரிய வூஃபரைச் சுற்றியுள்ள நுரை வளையம் வருடக்கணக்கில் பொடிந்துபோகும். விரலால் லேசாகத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வளையம் அப்பளமாய் நொறுங்கியது. “வளையம் மட்டும் புதுசு போடணும்” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது: “இவ்வளவுதானுங்களா? இஞ்சின் நல்லாருந்தா டயரப் பாத்து யாராச்சும் அழுவாங்களா?”

வேட்டிக்குப் பின்னால்

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் என் மனு மறுபடி வந்தது. “பழசு உள்ள வந்தா சங்கத்து மரியாதை போயிரும்” என்றார் தலைவர். நான் எழுந்தேன். “உங்க கடையிலிருந்து ஒரு புது ஜோடி, அதே விலைக்கு என்கிட்ட இருக்கற பழைய ஜோடி. ரெண்டையும் வேட்டியால மறைச்சு, ஒரே பாட்டைப் போடுங்க. புதுசு எதுன்னு நீங்களே சொல்லுங்க. சரியாச் சொன்னா இனி மனுவே போடமாட்டேன். தப்பாச் சொன்னா என்னை உறுப்பினராச் சேத்துக்கோணும்.”

கூட்டம் கை தட்டியது. அவரால் மறுக்க முடியவில்லை. இரண்டு ஜோடிகளும் மேடைக்கு வந்து வேட்டிக்குப் பின்னால் நின்றன. முதல் ஜோடி பாடியது, இரண்டாவது பாடியது. தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். “ரெண்டாவதுதான் புதுசு. கொடுத்த காசு பேசுதில்ல!”

வேட்டியை விலக்கினார்கள். இரண்டாவது என்னுடையது. புதிதாக இருந்தபோது அவருடைய ஜோடியைப் போல இரண்டு மடங்கு விலைக்கு விற்ற ரகம். ஒருமுறை யார் வீட்டுக்கோ போய்த் திரும்பியதால் விலை இறங்கியதே தவிர, குரல் இறங்கவில்லை.

பின்வரிசையில் ஆம்ப்ளிஃபையர் விற்கும் மூத்த உறுப்பினர், “தலைவரே, காது உங்களது, தீர்ப்பும் உங்களது. புது உறுப்பினர் பேரையும் நீங்களே படிச்சுருங்க” என்று குரல் கொடுத்தார். தலைவர் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, அத்தனை பேர் சாட்சியாக வாசித்தார்: “புதிய உறுப்பினர், அம்மாபேட்டை திரு. மு. அர்த்தனாரி.”

மறியல் வழக்குகளில் கோர்ட்டு டவாலி கூப்பிட்டே பழகிய பெயர் என்பதால், என்னையறியாமல் “ஆஜர்” என்று சொல்லிவிட்டேன், தோழர்களே.