கை நனைத்த கொட்டகை

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனது ஒத்துப்போகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கடத்தூருக்கு வந்த அப்பா, முதல் தடவை இவர்கள் வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் பசியோடு பஸ் ஏறி ஏரியூருக்குத் திரும்பினார். அடுத்த தடவை கேசரியும் உப்புமாவும் சாப்பிட்டார். என் வாழ்க்கை உப்புமாவில் முடிவானது என்று என் வீட்டுக்காரரிடம் இன்றும் சொல்லிக்காட்டுவேன். அவர் சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை.

அந்த வழக்கத்தை ஒருவர் கம்பெனிப் பங்கு வாங்கும் இடத்திலும் கடைப்பிடிப்பார் என்று நான் எங்கே கண்டேன்.

என் தம்பி பெங்களூரில் பூச்சு வேலை செய்தான். ஏரியூர்ப் பக்கம் மானாவாரி நிலம். மழை வந்தால் ராகி, கடலை. வராவிட்டால் பெங்களூர் பஸ். வெளிச்சுவருக்குக் கூலி கூடுதல் என்பதால் அவன் எப்போதும் வெளிச்சுவர்தான் கேட்டு வாங்குவான். உயரத்தில் காற்று நன்றாக இருக்கும் என்று எங்களுக்குச் சமாதானம் சொல்வான். ஒரு நாள் சாரத்தில் கட்டு விட்டுப்போய் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தான். ஊருக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு காயமும் இல்லை. அதைத்தான் அம்மா எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா அழவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களோடு கூடவே நடந்தார், வந்து குளித்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

கட்டடக்காரர்கள் நஷ்டஈடு கொடுத்தார்கள். அது பாங்கில் கிடந்தது. போர் போடலாம், வீட்டுக்குத் தளம் போடலாம், கறவை மாடு வாங்கலாம் என்று வந்தவர் போனவர் எல்லாம் யோசனை சொன்னார்கள். அப்பா ஒருவருக்கு மட்டும் பதில் சொன்னார்.

"அவன் பணத்துல போர் போட்டு, அந்தத் தண்ணிய நான் எப்பிடிங்க குடிக்கறது?"

அதற்கப்புறம் யாரும் யோசனை சொல்லவில்லை.

கடத்தூரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பேன். ஆள் வராத நேரத்தில் போனில் பங்குச் சந்தை பார்க்கும் பழக்கமும் உண்டு. சின்னத் தொகைதான், புடவைச் சீட்டுக் கட்டுவது மாதிரி. அப்படி ஒரு நாள் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஓசூருக்கு வெளியே கொட்டகை போட்டு, கட்டட வேலைக்கு ரோபோ செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. கட்டடத்தின் உச்சியிலிருந்து இரும்பு வடத்தில் தொங்கும் பெரிய பெட்டி ஒன்று, கலவையைப் பீய்ச்சி, மட்டம் பார்த்து, சுவரைப் பூசிக்கொண்டே இறங்கியது. சாரத்தையே காணோம். கடைக்கு வந்திருந்த அப்பாவிடம் சும்மா காட்டினேன். போனைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார்.

"இது வந்துட்டா ஆளு ஏற வேண்டியதில்லயா பாப்பா?"

"அப்பிடித்தான் சொல்றாங்க. இன்னும் சோதனைலதான் இருக்குதுப்பா."

"இவங்களுக்குப் பணம் வேணுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்றேன். இந்த மாதிரிக் கம்பெனிகளில் போட்டது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்றேன். லாபமே இன்னும் பார்க்காத கம்பெனி, மெஷின் ஒழுங்காக ஓடுமா என்பதே தெரியாது என்று எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் பேசினேன். அவர் லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போய் ஒரு நட பாத்துட்டு வந்துரலாம்" என்றார். என்னைக் கட்டிக்கொடுக்கும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

பங்கு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் வந்து பார்க்கலாம் என்று அந்தக் கம்பெனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்திருந்தார்கள். தர்மபுரியில் பஸ் ஏறும்போது அப்பா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். கம்பெனிக்கு எதற்கு வாழைப்பழம் என்று கேட்டதற்கு, வெறுங்கையோடு எப்படிப் போவது என்றார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வெட்கத்தின் மீதுதான் கோபம் வருகிறது.

கொட்டகைக்குப் பக்கத்தில் பாதி எழும்பிய ஒரு கட்டடத்தில் மெஷினைத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா அங்கேயே அண்ணாந்து நின்றுவிட்டார். நான் உள்ளே போய், ஃபேன் காற்றில், கம்பெனியை நடத்தும் இரண்டு இளம் இன்ஜினியர்கள் திரையில் காட்டிய கோடுகளையும் கட்டங்களையும் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரியாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, ஆர்டர் எத்தனை, கடன் எவ்வளவு என்று குடைந்து குடைந்து கேட்டேன். அவர்களும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே, வந்தவர்களுக்குப் போட்டிருந்த பந்தியில் உட்கார்ந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேலையாள் ஒருவர், உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசியோடு. இருவர் இலைக்கும் நடுவில் எங்கள் வாழைப்பழம். அப்பா ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். இனி நான் பேச ஒன்றும் இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. நானும் ஒரு இலையில் உட்கார்ந்தேன்.

என் கணக்கில்தான் வாங்கினோம். சின்னக் கம்பெனிகளின் பங்கை ஒன்றிரண்டாக வாங்க முடியாது. மொத்தமாகத்தான் வாங்க வேண்டும், விற்பதும் அப்படித்தான். தம்பியின் பணம் ஏறக்குறைய முழுதும் போயிற்று. அந்தப் பணத்தின் பக்கமே அம்மா திரும்பியதில்லை.

முதல் வருஷம் விலை ஏறியது. எங்கேயோ பெரிய கட்டடக்காரர் ஒருவர் மெஷின் கேட்டிருப்பதாகச் செய்தி வந்து, போட்டதற்கு இரண்டு மடங்கு தாண்டியது. நான் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பாதியயாவது வித்துரலாம்ப்பா. போட்ட காசு கைக்கு வந்துரும்."

"கை நனச்சிட்டு வந்தம் பாப்பா. ஏறுதுன்னு எடுத்துக்கினு வர்றதா?"

"அது சம்பந்தி வூடு இல்லப்பா, கம்பெனி. நம்ம வித்தா அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"நமக்குத் தெரியுமில்ல."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். விற்பதற்கு ஒரு விரல் போதும். கணக்கும் என் பெயரில்தான் இருந்தது. ஆனால் மகனைக் கொடுத்தவர் அவர். நான் அந்த விரலை வைக்கவில்லை.

பிறகு இறங்கத் தொடங்கியது. காற்றடித்தால் மெஷின் ஆடுகிறது, பூச்சு மேடு பள்ளமாக வருகிறது என்று மெஷின் கேட்டவர் வேண்டாம் என்றுவிட்டாராம். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் விலை விழக்கூடாது என்று சந்தையில் ஒரு வரம்பு உண்டு. காலையில் சந்தை திறந்த உடனே அந்த வரம்பில் போய் நிற்கும். அதற்கப்புறம் விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. கடை திறந்து சாமி விளக்கு ஏற்றியதும் நானும் விற்கப் போடுவேன். அப்பாவைக் கேட்காமல்தான். சாயந்திரம் அது அப்படியே திரும்பி வந்து நிற்கும். யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை அச்செடுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி இன்னொரு முறை விழுகிறான், இந்த முறை மெதுவாக, நான் பார்க்கப் பார்க்க விழுகிறான் என்று தோன்றும். ஒரு நாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் அந்தப் பங்கை விற்கவும் வாங்கவும் கூடாது என்று சந்தையில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி சுவர் பூசும் மெஷினை விட்டுவிட்டதாம். இனிமேல் ஹோட்டலில் சாப்பாட்டுத் தட்டை மேஜைக்கு எடுத்துப்போகும் ரோபோ செய்யப் போகிறார்களாம்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். போனது போனதுதான் என்று சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னேன். பணத்தைப் பற்றிய வாக்கியத்தை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் கை நின்றது.

"அப்ப அந்த ஆளு?"

"எந்த ஆளுப்பா?"

"எங்கூட ஒக்காந்து சாப்புட்டான் இல்ல, அவன்தான். அந்த மிஷினு தானா தொங்காது பாப்பா. மேல வடத்தக் கட்டறதுக்கு ஒருத்தன் ஏறணும். நீ உள்ள இருந்தப்ப பாத்தன். இடுப்புல கயிறுகூட இல்லாம ஏறுனான். நம்ம பையன் வயசுதான் இருக்கும். எறங்கி வர்றவரிக்கும் எனக்கு உசுரே இல்ல. வந்து எம்பக்கத்துல ஒக்காந்தான். இன்னும் ஒரு வருசந்தாங்க, அப்புறம் கட்டறதுக்கும் மிஷினு வந்துரும், நான் ஏற வேண்டியதில்லன்னு சொன்னான். அப்பறந்தான் நான் சோத்துல கை வெச்சன்."

மெஷினுக்கும் ஆள் ஏற வேண்டும் என்பதை அவர் அன்றே பார்த்திருக்கிறார். பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் எந்த வீட்டில் கை நனைத்ததாக அவர் நினைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கேட்டுச் சொல்லு. இப்ப எங்க ஏறுறான்னு."

அந்த இன்ஜினியர்களில் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். பணம் கேட்கிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன்.

"வடம் கட்டறவருங்களா? அவரு காண்ட்ராக்ட் ஆளுங்க மேடம். நாங்க நிறுத்தினதும் வேற பில்டிங் வேலைக்குப் போயிட்டாரு. எங்கன்னு தெரியலைங்க. பேரு என்னன்னு ஏதாவது ஞாபகம் இருக்குதுங்களா?"

போனைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். அவர் பாதி எழுந்தார். உடைத்த கடலை மடியிலிருந்து கீழே சிந்தியது.

"சாப்புடறப்ப பேரு கேட்டனே. சொன்னான். மறந்துட்டன் பாப்பா."

தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று அழாதவர், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவரையும் என் கையில் இருந்த போனையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சிந்திய கடலையைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"பணந்தான, போனா போவுது உடுங்க" என்றாள்.