குண்டசாலை வீட்டில் மட்டும் மங்கிய திரை

மொனிட்டரில் படம் தெளிவில்லை என்று யாரும் என்னிடம் நேராக வந்து சொன்னதில்லை. "கண்ணாடியில மழை பேஞ்ச மாதிரி இருக்குங்க" என்பார்கள். பன்விலத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர், "மெசின் அரைத் தூக்கத்துல கெடக்கு, எந்திரிக்கவும் மாட்டேங்குது, படுக்கவும் மாட்டேங்குது" என்றார். கண்டி நகரத்தில், செங்குத்தான படியேறிப் போகும் ஓர் அறையில் நான் கணினி திருத்திக்கொண்டிருந்த காலம் அது. யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பழுதான பெட்டிகளைக் கழற்றிக் கழற்றிக் கை பழகிக்கொண்டது, அவ்வளவுதான். பெட்டியைவிட அதைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கும்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் அந்தப் பேச்சும் குறைந்துபோயிற்று. தமிழில் உரக்கக் கதைக்க ஆட்கள் யோசித்தார்கள். அறை மூலையில் வானொலி ஓடும். இன்று இத்தனை பேர் என்று செய்தி சொல்லும், பிறகு சவர்க்கார விளம்பரம் வரும். இரண்டுக்கும் நடுவில் என் கை திருகாணியைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். நிறுத்தவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

அப்படியொரு நாளில்தான் அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், குண்டசாலையில் வீடு, அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். கட்டட அலுவலகம் ஒன்று கொடுக்கும் வீட்டு பிளான்களை அவள் வீட்டிலிருந்தே கணினியில் வரைந்து கொடுப்பாள். முச்சக்கர வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணா, ஒரு கோடு கீறினா பக்கத்தில நிழல் மாதிரி இன்னொரு கோடு நிக்குது. எழுத்தெல்லாம் ஊதிப்போய்க் கிடக்கு. மூண்டை எட்டெண்டு வாசிச்சுக் குசினிக் கதவை எட்டடி அகலத்துக்குப் போட்டிட்டன்."

"நல்லதுதானே மிஸ், சமையலறைக்குள்ள லொறியே போய்த் திரும்பலாம்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் பிழை வந்தா வேற ஆளைப் பாக்கினமாம்."

தினமும் பஸ்ஸில் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி அலுவலகம் போவதற்கு அவளுடைய அப்பா விடமாட்டார். வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக அவளுக்குக் கிடைத்தது இந்த வேலை ஒன்றுதான்.

அந்தப் பெட்டியில் படத்துக்கென்று தனிக் கார்ட் கிடையாது. மதர்போர்ட்டோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ். அப்படிப்பட்டதில் முதலில் பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறியிருக்கிறதா என்பது. மற்றது, திரையின் அளவு. ஒவ்வொரு மொனிட்டருக்கும் அதற்கென்று ஓர் அளவு உண்டு. அதைக் குறைத்து வைத்தால் எழுத்து உப்பிப்போகும். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் டிரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். என் மேசை மொனிட்டரில் போட்டபோது கோடுகள் தலைமுடி மாதிரி நின்றன. அவள் சந்தோசமாகக் கொண்டுபோனாள்.

அடுத்த நாள் தொலைபேசி. "அண்ணா, பழையபடிதான்."

பிறகு மொனிட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்தாள். வழியில் சாவடியில் அதை அவிழ்க்கச் சொல்லி, முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தார்களாம். என் பெட்டியில் மாட்டினேன். அதிலும் குறையில்லை.

"ரெண்டுமே என்கிட்ட ஒழுங்காத்தான் இருக்குங்க மிஸ். உங்க வீட்டுக்குப் போனாத்தான் கோவிச்சுக்குது. நடுவுல இருக்கிற வயரையும் கொண்டுவாங்களேன்."

"வயரைக் கழட்ட ஏலாது."

"ஏங்க?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அது சுவருக்குள்ளால போகுது. கரண்ட் வயர் எவ்வளவு நீளமெண்டாலும் பல்ப் எரியுதுதானே, இதுவும் அப்பிடித்தானெண்டு நினைச்சன். நீங்க வீட்டை வரலாமோ எண்டு அப்பாட்டக் கேக்கோணும்."

அப்பா சம்மதிக்கச் சில நாட்கள் பிடித்தன.

போய்ப் பார்த்தேன். முன் அறை மேசையில் மொனிட்டர் மட்டும் இருந்தது. வயர் அதன் பின்னால் இறங்கி, குளிர்சாதனப் பெட்டியின் மின் வயரோடு ஒட்டி ஓடி, சுவரில் ஓர் ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. அடுத்த அறையில் அலுமாரி. அதற்குள், மடித்து வைத்த விரிப்புகளின் கீழே கணினிப் பெட்டி. வயர் எட்டாமல், யாரோ ஒரு வயர்மன் இரண்டு வயர்களை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தான். அந்த முடிச்சைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. மதர்போர்ட்டிலிருந்து வரும் படம் இவ்வளவு தூரம், இப்படியொரு முடிச்சைத் தாண்டி, மின்சாரத்தோடு உரசிக்கொண்டு வந்தால் நிழலோடுதான் வந்து சேரும்.

"பெட்டிய மேசைக்குப் பக்கத்துல வச்சுட்டா சரியாயிரும் ஐயா" என்றேன்.

அப்பா கதிரையிலிருந்து எழும்பவில்லை. "அது ஏலாது தம்பி."

"ஏங்க ஐயா?"

"அதுக்குள்ள என்ன கிடக்கு? கண்டியில இருக்கிற கட்டடங்களின்ர பிளான். வாசல் எது, படி எங்க, யன்னல் எந்தப் பக்கம், எல்லாம் அளவோட கிடக்கு. அது தமிழாக்களின்ர வீட்டில. செக்கிங்குக்கு வாறவனுக்கு, ஐயா இது குசினியெண்டு நான் சொன்னா நம்புவானோ?"

"அலுமாரியையும் திறப்பாங்களே ஐயா."

"திறப்பாங்கள். ஆனா முதல்ல கண்ணில படாது. எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டுக்கு வந்தவங்கள் முன்னுக்குக் கிடந்த ரேடியோவைத்தான் முதல்ல தூக்கி றோட்டில போட்டவங்கள். பிறகுதான் உள்ளுக்கு வந்தவங்கள்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். நானும் பஸ் நேரம் கேட்டவன்போலத் தலையாட்டினேன்.

"மொனிட்டரும் முன்னுக்குத்தானே கிடக்கு அப்பா" என்றாள் மகள்.

"அது வெறும் கண்ணாடி, பிள்ளை."

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய ஒரு மாடிவீடு அதில் கலங்கிப்போய் நின்றது. "அப்ப நான் ஒபிசுக்கே போய்க் கீறுறன். நாளைக்கு முதல் பஸ்ஸில போறன்" என்றாள். சத்தம் போடவில்லை.

பெட்டி முன் அறையில் இருப்பதும் மகள் தினமும் சாவடியில் வரிசையில் நிற்பதும், அவருக்கு இரண்டுமே பயம்தான். எது பெரிது என்று அவர் யோசிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேலை செய்யேக்க மட்டும் வெளியில இருக்கட்டும்" என்றார் கடைசியாக. "முடிஞ்ச உடன உள்ளுக்குப் போயிடோணும்."

நீள வயரின் முடிச்சை அவிழ்த்து, அதை ஓட்டையிலிருந்து உருவி எடுத்தேன். பெட்டியை மேசையில் வைத்து, பையிலிருந்த குட்டை வயரைப் பூட்டினேன். மாடிவீடு வந்தது. ஒரு கோடு, ஒரு கோடாகவே நின்றது. மூன்று, மூன்றாக இருந்தது. மகள் ஒவ்வொரு அறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "இவ்வளவு வடிவாத் தெரியுதே" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

வயரின் இரண்டு பக்கத்துச் சின்னத் திருகாணிகளையும் எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று அவருக்குக் காட்டினேன். "ரொம்ப இறுக்காதீங்க ஐயா, விரலால திருகினாப் போதும்." அன்றிலிருந்து அது அவருடைய வேலையாயிற்று.

அந்த மாடிவீட்டில் பிழை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அலுவலகம் அவளை வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போனால் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். "அப்பா காலமையில பெட்டியைத் தூக்கி வாறதைப் பாக்கோணும் அண்ணா, கொடியேறின கோயில்ல சாமி வெளிவீதிக்கு வாற மாதிரி. பின்னேரம் திரும்ப மூலஸ்தானம்" என்று ஒருநாள் சொன்னாள். அதை நான் பத்திரமாக வைத்திருந்து பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் அவளுடைய கீபோர்ட் வேலை செய்யவில்லை. காலையிலேயே கூப்பிட்டிருந்தாள், போனேன். வழியெல்லாம் பட்டாசு. கொடி கட்டிய முச்சக்கர வண்டிகள். பஸ்ஸை நிறுத்தி, கொண்டாட்டத்துக்கு ஆக்கிய பாற்சோறு எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். வாங்கினேன், சாப்பிட்டேன், விரலைச் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனபோது மதியம்கூட ஆகவில்லை. அப்பா மேசைக்குப் பின்னால் குனிந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரை கறுப்பாக இருந்தது.

"முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்களே ஐயா."

"ஓம் தம்பி, கேட்டனான்" என்றார், நிமிராமலே. "இண்டைக்குத்தான் கவனமா இருக்கோணும்."

"கீபோர்டை நாளைக்குப் பாப்பம் அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அலுமாரியைத் திறக்கப் போனாள். வெளியே இன்னொரு கட்டுப் பட்டாசு வெடித்தது. அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக உள்ளே கொண்டுபோனோம். பெட்டி இன்னும் சூடாக இருந்தது.