நாற்பதும் பச்சை

எங்கள் மேலாளரை நினைத்தால், அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பட்டியல்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் கடைகளும் கிளவுடில் வாடகைக்கு எடுத்திருந்த நாற்பது சர்வர்களை நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் வாராவாரம் தானாகவே பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியலில் நாற்பதுக்கும் நேரே, அப்டேட் ஆகிவிட்டது என்று பச்சை நிறம். அவர் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. போன வாரத்துப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றுவார். அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

எனக்கு அந்த அனுபவம் இல்லாததால் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்தெந்த சர்வர் அப்டேட் அட்டவணையில் உண்மையாகவே இருக்கிறது என்று கிளவுடிடமே கேட்டு வரிசையாகத் தரும். முப்பத்தொரு பெயர்கள்தான் வந்தன. விடுபட்ட ஒன்பதில் ஒன்று, கல்வராயன் மலைக்காரர்கள் வந்து பரிசோதித்துக்கொள்ளும் கூடத்தினுடையது. மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னாம்மா, ஒழுங்கா ஓடிக்கினு இருக்கறத எதுக்கு நோண்டற? வேல கம்மியா இருக்குதா?"

மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து யாரோ அந்தக் கூடத்தின் சர்வருக்குள் புகுந்து எல்லாப் பரிசோதனை முடிவுகளையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். காலையில் நான் கூடத்துக்கு ஓடியபோது, மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கர்ப்பிணி ஒருத்தி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "ரிப்போர்ட் இல்லீங்களா? திரும்பவும் ரத்தம் எடுக்கணுமா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினாள். முன்பு ஊசி குத்திய இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

மேலாளர் வந்தார். கூடத்தின் உரிமையாளரான அம்மாவிடம், "இந்தப் பொண்ணு எதையோ ஓட்டிச்சுங்க, அதுல கெட்டுப்போச்சு" என்றார், என்னை வைத்துக்கொண்டே. நான் அவருக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலைத் திறந்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவர் மேலாளரிடம், "நீங்க போலாம்" என்றார். ஒரு வாரத்தில் என்னைத் தன் கூடத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

மேலாளருக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது சின்னசேலம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறார், பொன்னாடையெல்லாம் போர்த்துகிறார்கள். அப்படி ஒரு புகைப்படத்தைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றியது.

ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் என்ன செய்தேன்? மின்னஞ்சல் அனுப்பியாயிற்று என்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். எங்கள் அலுவலகத்திலிருந்து அந்தக் கூடம் ஐந்து நிமிட நடை.