நாலு குப்பிப் பால்

எங்கள் செவலைப் பசுவுக்கு மடியில் வீக்கம் இல்லை, பாலில் திரிதிரியாகக் கட்டியும் இல்லை. ஆனால் கறவை நாளுக்கு நாள் குறைந்தது. வெளியே தெரியாத மடிநோயாக இருக்கலாம் என்றார் கால்நடை டாக்டர். நோய் இருக்கும் காம்பின் பாலில் செல் எண்ணிக்கை ஏறியிருக்குமாம். சனிக்கிழமை பால் சொசைட்டியில் முகாம், காம்புக்கு ஒரு குப்பியாகக் கறந்து கொண்டுவரச் சொன்னார்.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "சீக்குன்னு வந்துச்சுன்னா தரகர வரச் சொல்லிருவேன். அடிமாடா கேரளா லாரில ஏத்திட்டு வேற மாடு பாப்போம்."

செவலை, அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்த மாடு. இடப்பக்கப் பின்காம்பைத் தொட்டால் மட்டும் அது காலை உதறுவதை நான் பார்த்திருந்தேன்.

கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சனிக்கிழமை விடியலில் மட்டும் அம்மா என்னைத் தொழுவத்துக்குள் விடவில்லை. மாடு மிரளுமாம். கறந்து முடித்து, என் நெயில் பாலிஷால் குப்பிகளில் ஒன்று முதல் நாலு வரை புள்ளி வைத்தாள். நாலு புள்ளிதான் அந்தப் பின்காம்பு.

பையை என்னிடம் தந்துவிட்டு அம்மா வரிசையில் இடம்பிடிக்க முன்னால் போனாள். பம்ப்செட் தொட்டி ஓரம் உட்கார்ந்து நாலாம் குப்பியைக் கொட்டினேன். முதல் குப்பியில் பாதியை அதில் ஊற்றி மூடினேன். அவசரத்தில் பாவாடையெல்லாம் பால்.

டாக்டர் கருவியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "ஏம்மா, நாலு காம்புக்கும் ஒரே மாதிரி எண்ணிக்க வருது. எந்த மாட்டுக்கும் இப்படி வராதே?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "நாந்தான் சார் மாத்துனேன். செவலைய வித்துருவாக" என்று ஓவென்று அழுதேன்.

"விக்கிறதுக்கா பாப்பா எண்ணுறேன்? எந்தக் காம்புன்னு தெரிஞ்சா மருந்து ஏத்திக் காப்பாத்திரலாம்ல" என்றார் டாக்டர். மறுநாள் அவரே வந்து கறந்து பார்த்தார். அதே பின்காம்புதான். சில நாள் மருந்தில் குணமாகிவிட்டது. தரகர் வரவேயில்லை.

அன்று முகாமிலிருந்து திரும்பும்போது முதுகு பழுத்துவிடும் என்று பயந்துகொண்டே நடந்தேன். அம்மா திட்டவில்லை. வீடு வரும்வரை என் கையையும் விடவில்லை. அம்மா எவ்வளவு நல்லவள் என்றுதான் நினைத்தேன். நான் மாற்றியது ஒரே ஒரு குப்பி. அம்மா கறந்து தந்த மற்ற மூன்றிலும் எப்படி ஒரே எண்ணிக்கை வந்தது என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.